நாம்பன் கன்றுக்கு நலமடிப்பது: வளையமா, இடுக்கியா, கத்தியா?

உழவுக்கு லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் வந்தபிறகு வன்னியில் நாம்பன் கன்றுக்கு, அதாவது ஆண் கன்றுக்கு, மதிப்புக் குறைந்துவிட்டது. ஆனாலும் பட்டியில் பாதிக் கன்று நாம்பனாகத்தான் பிறக்கிறது. அப்படியே விட்டால் வேலி முறியும், ஒன்றையொன்று முட்டிக் காயப்படும். அதைவிட மோசம், செயற்கைச் சினைப்படுத்தலுக்கென்று பார்த்துப் பார்த்து வளர்த்த நாகை, அதாவது இன்னும் கன்று போடாத இளம் பசுவை, கூடப் பிறந்த நாம்பனே சினைப்படுத்திவிடும். கலப்பினக் கன்று ஒன்பது, பத்து மாதத்திலேயே அதற்குத் தயார். எனவே நலமடிக்க, அதாவது விதையைச் செயலிழக்கச் செய்ய, வேண்டியதுதான். எந்த வயதில், எதைக்கொண்டு என்பதில்தான் ஆளுக்கு ஆள் கதை மாறுகிறது.

பழைய ஆட்கள் இரண்டு தடிகளுக்கிடையில் வைத்து நசுக்கிய முறையை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது வெறும் வதை.

முதலில் றப்பர் வளையம். மலிவு, இரத்தம் வராது, ஒரு ஆளே போட்டுவிடலாம். விதைப்பைக்கு மேலே இறுக்கினால் இரத்த ஓட்டம் நின்று, சில வாரங்களில் பை காய்ந்து விழும். இவ்வளவு சுலபம் என்பதாலேயே பலர் இதில் விழுகிறார்கள். ஆனால் இது பிறந்த முதல் கிழமைக்குரிய சாமான். பிரித்தானியாவில் விறைப்பூசி இல்லாமல் வளையம் போடச் சட்டம் அனுமதிப்பது முதல் 7 நாட்களுக்கு மட்டும்தான். நம்முடைய பட்டி மாடு காட்டோரத்தில் கன்று போட்டு, அதை நாம் கையில் பிடிக்கும்போதே அந்த 7 நாள் போய்விடும். பிந்திப் போட்டால் வளையம் அறுக்கும் இடம் வாரக்கணக்கில் புண்ணாக இருக்கும். காற்றுப் படாத அந்தப் புண் ஏற்புவலிக் (டெட்டனஸ்) கிருமிக்கு நல்ல இடம், பட்டி மண்ணிலும் சாணத்திலும் அந்தக் கிருமிக்குப் பஞ்சமில்லை. ஒரு விதை வளையத்துக்கு மேலே நழுவி நின்றுவிடுகிற சிக்கலும் உண்டு. வீட்டோடு கட்டி வளர்க்கிற, தினமும் கண்ணில் படுகிற கன்று என்றால் சரி. பட்டிக்கு வேண்டாம்.

கத்தி நேர் எதிர். விதையையே வெளியில் எடுத்துவிடுவதால் தப்புவதற்கு இடமில்லை, எந்த வயதிலும் செய்யலாம். ஆனால் திறந்த காயம். மாரியில் சேறும் இலையானும் சேர்ந்தால் இரண்டு மூன்று நாளில் புழு வைத்துவிடும். மிருக வைத்தியர், விறைப்பூசி, ஏற்புத் தடுப்பூசி, அதன்பிறகு தினமும் காயம் பார்க்க ஒரு ஆள் என்று நாலும் இருந்தால் மட்டும் இதைப் பற்றி யோசியுங்கள்.

என்னைக் கேட்டால் பட்டிக்குத் தோது பேர்டிசோ இடுக்கிதான், நலமடிக்கவென்றே செய்த நசுக்கும் இடுக்கி அது. தோல் கிழியாது. தோலுக்கு உள்ளே விதைக்குப் போகும் நரம்புக்கொடி மட்டும் நசுங்கும், விதை மெல்லச் சூம்பிவிடும். புண் இல்லாததால் இலையானுக்கும் வேலை இல்லை. வலி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொடி நசுங்கும் வலி கடுமையானது, வீக்கமும் வரும். விறைப்பூசியும் வலிநிவாரணியும் கேட்டு வாங்குவது நல்லது. வளையம் போல வாரக்கணக்கில் இழுபடாது என்பதுதான் வித்தியாசம்.

இடுக்கியின் பலவீனம் பிடிக்கிற கையில் இருக்கிறது. கொடியை விரலால் தடவிப் பையின் ஓரத்துக்குத் தள்ளி, ஒவ்வொரு பக்கமாகத் தனித்தனியே பிடிக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே கோடாக, குறுக்கே நசுக்கினால் தோலுக்கும் இரத்தம் போகாமல் பையே அழுகிவிடும். ஒரு பக்கத் தடம் மற்றப் பக்கத் தடத்தைவிடச் சற்று மேலோ கீழோ இருக்கட்டும். பக்கத்தில் இருக்கும் சின்ன முலைக்காம்பு இடுக்கிக்குள் அகப்படக் கூடாது. இரவல் இடுக்கி என்றால் முதலில் சோதியுங்கள்: மடித்த கடதாசிக்குள் நூலை வைத்து இறுக்கினால் நூல் அறுபட வேண்டும், கடதாசி கிழியக் கூடாது. நூல் அறாத இடுக்கியால் கன்றை வருத்துவதில் ஒரு பயனும் இல்லை.

வயதைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வண்டில் எருதுக்கு இரண்டு வயது தாண்டித்தான் நலமடிக்க வேண்டும் என்பார்கள். திமிலும் கழுத்தும் திரள்வது ஆண் சுரப்பால்தான். முந்தி அடித்த மாடு உயரமாக வளரும், கழுத்து மெலிந்து நிற்கும். உண்மையிலேயே நுகம் வைக்கப்போகிற சோடி என்றால் காத்திருங்கள், ஆனால் அந்த வயதில் அது மிருக வைத்தியரின் வேலை. நுகமே இல்லாத பட்டியில் அதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடம் நாம்பனை அவிழ்த்துவிடுவதுதான் எனக்குப் புரியவில்லை. அங்கே இரண்டு, மூன்று மாதக் கன்றாக இருக்கும்போதே முடித்துவிடலாம். கொடி மெல்லிசு, பிடிக்க இரண்டு பேர் போதும்.

காலம் மாசி, பங்குனி. காலபோக அறுவடை முடிந்து மாடுகள் அரிதாள் மேய வயலுக்கு இறங்கியிருக்கும், நிலமும் காய்ந்திருக்கும், கன்றுகள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் பட்டி காட்டுப்பக்கம் சாய்த்தபிறகு யார் தேடிப் பிடிப்பது?

வளர்ந்த நாம்பன் என்றால் அடித்த உடனே நாகுகளோடு விடவேண்டாம், உள்ளே தங்கிய விந்தாலும் சினைப்படும். ஒரு மாதத்துக்கு மேல் பிரித்துக் கட்டுங்கள். ஆறு கிழமை கழித்துப் பையைத் தடவிப் பார்த்தால் இரண்டும் சுருங்கிக் கல்லுப்போல இருக்க வேண்டும். ஒன்று பழையபடி பெரிதாக, மெதுமெதுவென்று இருந்தால் கொடி நழுவிவிட்டது. திரும்பவும் பிடிக்கத்தான் வேண்டும், அதையும் மாரிக்கு முன்னரே.