பன்னிரண்டு வாரம் டப்பா சாப்பாடு

எடை குறைக்க வீட்டுக்கே பெட்டி அனுப்பும் திட்டம் ஒன்றில் பன்னிரண்டு வாரம் இருந்துவிட்டு எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். வாரம் ஒரு பெட்டி, மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் கொறிக்க ஒன்று. நாளுக்கு 1,200 கலோரி கணக்கு. காய், பழம், பால் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். பணம் கட்டிய பிறகுதான் அதைப் படித்தேன்.

சேரும்போது 81.4 கிலோ. கணக்கு எழுதும் வேலை, நாற்காலியை விட்டு எழுவதே அபூர்வம். வீட்டில் சமைப்பதும் பரிமாறுவதும் நான். கடைசியில் சட்டியில் மிஞ்சியதை நின்றுகொண்டே வழித்துத் தின்பதும் நான். எடை ஏறியது முக்கால்வாசி அந்த நின்றுகொண்டே தின்றதில்தான்.

முதல் நாள் டப்பாவை ஃப்ரீசரிலிருந்து எடுத்து நாலரை நிமிஷம் மைக்ரோவேவில் வைத்தேன். மேல்தாளை உரித்தால் ஆவி முகத்தில் அடிக்கிறது. ஓரமெல்லாம் கொதிக்கிறது, நடுவில் முள்கரண்டி இறங்கவில்லை, இன்னும் ஐஸ். அட்டைப் படத்தில் கோழித்துண்டு ஆறு. எண்ணிப் பார்த்தேன், நாலு. சின்னவன் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது சாப்பாடா, சாம்பிளா?" என்றான்.

ருசியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெயர்கள் பன்னிரண்டு, குழம்பு இரண்டுதான்: ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. உப்புதான் உறுத்தியது. ஒரு டப்பாவில் 640 மில்லிகிராம் சோடியம். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 2,000. மூன்று டப்பாவிலேயே கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. பிரஷர் மாத்திரை போடுபவள் நான்; அட்டையைத் திருப்பிப் பார்த்து எடுக்கப் பழகினேன்.

முதல் வாரம் 2.1 கிலோ குறைந்தது. தலைகால் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அதில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் கரையும்போது அதன் எடையைப்போல் மூன்று மடங்கு நீரும் கூடவே போகும். விளம்பரத்துக்கு இந்த முதல் வாரம் போதும், வேறொன்றும் வேண்டாம். பன்னிரண்டாம் வார முடிவில் 75.5. ஆக, 5.9 கிலோ. குறை சொல்ல மாட்டேன்.

குறைந்தது எதனால் என்று யோசித்தால், சமையலுக்குப் பெருமை இல்லை. "இன்னிக்கு என்ன, எவ்வளவு?" என்ற கேள்வியே எழவில்லை, டப்பா தீர்ந்தால் சாப்பாடு தீர்ந்தது. இன்னொன்று, கம்பெனியிலிருந்து ஆலோசனை சொல்லும் ஒரு பெண் வாரம் ஒருமுறை செய்த போன். ஐந்தாவது வாரம் ஒரு பிறந்தநாள் கேக்கை மறைத்தேன். அந்தப் பெண் நிதானமாக, "சொல்லாம விட்டதையும் சொல்லிடுங்க மேடம், எழுதிக்கிறேன்" என்றாள். பணத்துக்கு உருப்படியாகக் கிடைத்தது அந்தப் பத்து நிமிஷம்தான்.

2010-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வைத் தேடிப் படித்தேன். 442 பெண்கள், இரண்டு வருஷம், ஜென்னி கிரெய்க் என்ற எடைகுறைப்புக் கம்பெனியின், இதேபோல் டப்பா சாப்பாடு கொடுக்கும் திட்டம். மையத்துக்கு நேரில் போனவர்களுக்குச் சராசரியாக 7.4 கிலோ, போனில் ஆலோசனை பெற்றவர்களுக்கு 6.2, வழக்கமான அறிவுரை மட்டும் கேட்டவர்களுக்கு 2.0 கிலோ குறைந்திருக்கிறது. நல்ல பலன்தான். ஆனால் அவர்களுக்குச் சாப்பாடும் ஆலோசனையும் இலவசம். செலவு அந்தக் கம்பெனியுடையது. கணக்கெழுதுகிறவள் கண்ணுக்கு அதுதான் முதலில் படும். எங்கள் நாலு பேருக்கு ஆகும் மாத மளிகையில் பாதிக்கு மேல் என் ஒருத்தி டப்பாவுக்கே போனது. இரண்டு வருஷம் கைக்காசு போட்டு யார் தாங்குவார்கள்? அந்தக் கம்பெனியே 2023-இல் அமெரிக்காவில் இருந்த மையங்களை இழுத்து மூடியது.

ஒன்பதாவது வாரம் பெட்டி மூன்று நாள் தாமதமாக, உருகி வழிந்து வந்தது. நடுவில் அந்த மூன்று நாளும் காலி டப்பாவைக் கழுவி, வீட்டுச் சாப்பாட்டையே அதில் அளந்து போட்டுச் சாப்பிட்டேன். ருசியாகவும் இருந்தது, எடையும் ஏறவில்லை. அன்றே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் முயன்றேன், இணையதளத்தில் சேர்வதற்குப் பொத்தான் இருக்கிறது, விலகுவதற்கு இல்லை. போனில் நாற்பது நிமிஷம் காத்திருந்து சொன்னேன். அதற்குப் பிறகும் மூன்று பெட்டி வந்தது, காசும் போனது.

சேரலாமா என்று கேட்பவர்களுக்கு: அளவே தெரியாமல் சாப்பிடுகிறவர் என்றால் நாலு வாரம் எடுத்துப் பாருங்கள், வாராந்திர போன் உள்ள திட்டமாகப் பார்த்து. அதற்கு மேல் கட்டுவது வீண். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்; சாப்பாடு சட்டென்று குறைந்து மருந்து அப்படியே இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். ஐந்துக்கு மூன்று மதிப்பெண், அதில் இரண்டு போன் பேசிய பெண்ணுக்கு.

நிறுத்தி எட்டு மாசம் ஆகிறது. இப்போது 76.8. நாலு டப்பா கழுவி எடுத்து வைத்திருந்தேன். ஒன்றைச் சின்னவன் பெயின்ட் குழைக்க எடுத்துக்கொண்டு போய்விட்டான். மீதி மூன்றும் தினமும் புழக்கத்தில் இருக்கின்றன.