விசிஎம்ஜி: பல வருஷம் கேட்ட பிறகு

டெப்பெஷ் மோட் என்ற பிரிட்டிஷ் எலக்ட்ரானிக் இசைக்குழுவைத் தொடங்கியவர்களில் இருவரான வின்ஸ் கிளார்க்கும் மார்ட்டின் கோரும் திரும்பச் சேர்கிறார்கள் என்று 2011 கடைசியில் தெரியவந்தபோது, அந்தக் குழுவின் ரசிகர்களுக்கு 'ஜஸ்ட் கான்ட் கெட் இனஃப்' பாட்டின் காலத்துத் துள்ளல் திரும்பி வருமா என்று ஒரு நப்பாசை. வந்தது வேறு. 2012 மார்ச்சில் விசிஎம்ஜி என்ற பெயரில் (இருவர் பெயரின் முதலெழுத்துகள்) வெளியான 'ஸ்ஸ்ஸ்ஸ்' ஆல்பம் முழுக்க டெக்னோ, அதாவது தாளமே பிரதானமான எலக்ட்ரானிக் நடன இசை. 10 டிராக், ஏறக்குறைய ஒரு மணி நேரம். பாட்டும் கிடையாது, பாடகரும் கிடையாது.

இருவரும் இங்கிலாந்தின் எசெக்ஸில் உள்ள பேசில்டன் ஊரில் ஒன்றாக ஆரம்பித்தவர்கள். 1981-இல் டெப்பெஷ் மோடின் முதல் ஆல்பம் 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' வந்த கையோடு கிளார்க் குழுவிலிருந்து கழன்றுகொண்டார். யாஸூ, அப்புறம் எரேஷர் என்று வேறு குழுக்களோடு அவர் வழி தனி. டெப்பெஷ் மோடுக்குப் பாட்டெழுதும் வேலை கோர் தலையில் விழுந்தது. அந்த முதல் ஆல்பத்தில் கோர் எழுதியவை இரண்டுதான். அதில் ஒன்றான 'பிக் மஃப்' குரலே இல்லாத வெறும் சின்தசைசர் இசை. அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விசிஎம்ஜி அவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

டெக்னோ ஆல்பம் செய்யலாமா என்று கிளார்க் ஒரு மின்னஞ்சல் போட, கோர் சம்மதிக்க, அதற்கப்புறமும் எல்லாம் மின்னஞ்சலிலேயே நடந்தது. அவரவர் ஸ்டுடியோவில் இருந்தபடி கோப்புகளை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டார்கள். இதைப் பற்றி நேரில் பேசிக்கொண்டதே 2011 மே மாதம் லண்டனில் மியூட் இசைத்தட்டு நிறுவனம் நடத்திய விழாவில்தானாம். முப்பது வருஷம் கழித்துச் சேர்ந்தவர்கள் பழங்கதை பேசி உருகாமல் வேலையை மட்டும் பார்த்ததால்தான் ஆல்பம் இவ்வளவு இறுக்கமாக வந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

சரி, கேட்கும் அனுபவத்துக்கு வருவோம். ஃபோன் ஸ்பீக்கரில் இதைக் கேட்கவே வேண்டாம். கிக் டிரம் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் இருக்கும், பேஸ் காணாமலே போகும். என்னிடம் இருந்த ஒரு மலிவு புளூடூத் ஸ்பீக்கரிலும் இதே கதிதான். காதை மூடும் ஹெட்ஃபோனில் போட்டால்தான் விஷயம் புரியும். 'பெண்டி பேஸ்' டிராக்கில் அடியில் ஓடும் ஒலி கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து நிறம் மாறுவதைக் கேட்கலாம். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து ஃபில்டர் குமிழைத் திருகுவது தெரியும். மெட்டு போடுவதில் கெட்டிக்காரர்களான இருவர், மெட்டை ஒளித்துவைத்துவிட்டு ஒலியோடு மட்டும் விளையாடியிருக்கிறார்கள்.

வேலை செய்யும்போது ஓடவிட இதைவிட நல்ல ஆல்பம் எனக்கு அமையவில்லை. வார்த்தை குறுக்கே வராது, தாளம் ஆளைத் தூங்கவும் விடாது. கார் ஓட்டும்போது மட்டும் வேண்டாம், கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறது.

குறை இல்லாமல் இல்லை. ஒரே மூச்சில் முழு ஆல்பத்தையும் கேட்டால் பாதிக்கு மேல் எல்லாம் ஒன்றுபோல ஒலிக்கும். கவனிக்காமல் விட்டால் எந்த டிராக் ஓடுகிறது என்றே தெரியாது. 'ஸ்கிப் திஸ் டிராக்' (இந்த டிராக்கைத் தாண்டு) என்று நக்கலாக ஒன்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதை நான் தாண்டுவதில்லை, தாண்டுவது 'ரீசைக்கிள்'. உணர்ச்சி எங்கே என்று கேட்பவர்களுக்கும் என்னிடம் பதில் இல்லை. கோரின் இருட்டான பாட்டுகளுக்காக டெப்பெஷ் மோட் கேட்பவர்கள் இதில் ஏமாந்துதான் போவார்கள்.

பின்னால் இருவரும் தனித்தனியாகவும் பெரும்பாலும் குரலில்லாத ஆல்பம் போட்டார்கள்: கோர் 2015-இல் 'எம்ஜி', கிளார்க் 2023-இல் 'சாங்ஸ் ஆஃப் சைலன்ஸ்'. இரண்டையும் கேட்டுவிட்டு 'ஸ்ஸ்ஸ்ஸ்'க்குத் திரும்பினால், எந்த ஒலி யார் கைவேலை என்று ஊகிப்பது ஒரு தனி விளையாட்டு. புதிதாகக் கேட்பவர்கள் 'சிங்கிள் பிளிப்'பில் தொடங்கலாம். அது பிடித்தால் 'ஸ்பாக்'. இரண்டும் ஒட்டவில்லை என்றால் மீதி எட்டையும் விட்டுவிடலாம்.