பலியும் ஒப்புக்கொடுத்தலும்: திருகோணமலையில் ஒரு தவக்காலத் தியானம்

உயிர்ப்பு விழாவுக்கு முந்திய தவக்காலம் வந்தால் திருகோணமலையில் வார இறுதித் தியானங்களுக்குக் குறைவில்லை. அவற்றுள் பல, பாவ அறிக்கை, குடும்ப உறவு, செப வாழ்வு என்று வழமையான தலைப்புகளையே சுற்றிவருகின்றன. உப்புவெளிப் பக்கத்தில் கடலை அண்டியுள்ள ஒரு தியான இல்லம் நடத்திய தியானமோ, கடவுளை நம்பித் தன்னை ஒப்புக்கொடுத்தல் என்ற ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, வெள்ளி மாலைச் சிலுவைப்பாதை முதல் ஞாயிறு மதியம் வரை அதிலேயே நின்றது. குறைகளையும் எழுதவிருப்பதால் இல்லத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

வசதிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அறைகள் எளிமையானவை, சுத்தமானவை. மின்விசிறி உண்டு, நுளம்பு வலை இல்லை. இரவில் இடியப்பமும் சொதியும், காலையில் புட்டும் சம்பலும், மதியத்தில் மீன் குழம்புச் சோறும் கிடைத்தன. தவக்கால எளிமை என்ற பெயரில் சமையலைக் கைவிட்டுவிடும் இடங்களை அறிந்தவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கும். கட்டணம் என்று எதுவும் இல்லை. புறப்படும்போது ஒரு கடித உறையில் இயன்றதை இட்டுச் செல்லலாம். கைத்தொலைபேசிகளை வந்தவுடனேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஒப்புக்கொடுத்தலின் முதற்பாடம் பலருக்கு அந்த மேசையடியிலேயே கடினமாகிப்போனதைக் காண முடிந்தது.

தியானத்தின் மையம் திருவிவிலியத்தின் முதல் நூலான தொடக்க நூலின் 22ஆம் அதிகாரம். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட மோரியா நிலப்பகுதிக்கு அழைத்துச் செல்லும் அந்தப் பகுதி, உயிர்ப்பு விழாவுக்கு முந்திய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பின் இரண்டாம் வாசகமாக அமைந்திருப்பதால் நமக்குக் கேட்டுப் பழகியது. பழகிவிட்டதாலேயே அதன் கொடுமை உறைப்பதில்லை. தியானத்தை வழிநடத்திய குருவானவர் அதை அவசரமின்றி, வசனம் வசனமாக நிறுத்தி வாசித்தார். பலியிடும் இடம் ஆபிரகாமின் கண்ணுக்குத் தெரிவது மூன்றாம் நாளில்தான். எனவே அது ஒரு கண உணர்ச்சி வேகத்தில் எடுத்த முடிவல்ல, மனம் மாறிக்கொள்ள ஒவ்வோர் அடியிலும் வாய்ப்பிருந்த ஒரு நீண்ட நடை என்பதை அவர் சுட்டிக்காட்டியபோது மண்டபத்தில் அசைவே இல்லை. கழுதையோடு காத்திருக்கும்படி வேலையாட்களிடம் கூறும் ஆபிரகாம், வழிபட்டபின் 'நாங்கள்' திரும்பி வருவோம் என்று பன்மையில் சொல்வதையும், இறந்தோரையும் எழுப்பக் கடவுளால் இயலும் என்று அவர் கருதியதாக எபிரேயர் திருமுகம் 11ஆம் அதிகாரம் அதற்கு விளக்கம் தருவதையும் இணைத்துக் காட்டியது சிறப்பு. ஆபிரகாமின் நம்பிக்கை, முடிவை முன்கூட்டியே அறிந்திருந்தவரின் துணிவு அன்று. அவருக்குத் தெரிந்திருந்தது முடிவு அல்ல, தம்மை அழைத்தவர். கத்தியைத் தடுத்து நிறுத்துபவரும் அதே கடவுள்தான் என்பதையும், பிள்ளைகளைப் பலியிடுவதை லேவியர் நூல் வெளிப்படையாகத் தடைசெய்கிறது என்பதையும் அவர் விடாமல் சொன்னார். இதைச் சொல்லாமல் ஆபிரகாமை மட்டும் புகழும் மறையுரைகள் ஆபத்தானவை என்பது என் எண்ணம்.

ஓர் இடத்தை மட்டும் அவர் தாண்டிச் சென்றுவிட்டார். 19ஆம் வசனத்தில் ஆபிரகாம் தம் வேலையாட்களிடம் திரும்பி வருகிறார். அங்கே ஈசாக்கின் பெயர் இல்லை. சாராவைப் பற்றி அதிகாரம் முழுவதிலும் ஒரு சொல்லும் இல்லை. அடுத்த அதிகாரம் அவருடைய மரணத்தோடு தொடங்குகிறது. பலி கொடுப்பவரின் நம்பிக்கையை அவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தவர், விறகின்மேல் கிடத்தப்பட்டவரின் பக்கத்திலிருந்தும் சில நிமிடங்கள் பேசியிருக்கலாம்.

அந்தக் குறையைச் சனிக்கிழமைக் கேள்வி நேரம் ஓரளவு ஈடுசெய்தது. பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, "நான் குடுக்கேல்லையே சுவாமி, பறிச்செல்லோ எடுத்தவங்கள், அதை என்னெண்டு பலியெண்டு சொல்லுறது?" என்று கேட்டார். யார், எப்போது என்று அவர் சொல்லவில்லை. போரில் பலரைப் பறிகொடுத்த இந்த ஊரில் அதைக் கேட்க வேண்டியதும் இல்லை. குருவானவர் ஆறுதல் வாக்கியங்களுக்குள் ஒளிந்துகொள்ளாமல், பறிக்கப்பட்டதைப் பலி என்று அழைக்கும்படி அவரை வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை என்று நேராகவே பதிலளித்தார். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டுக் காணாமற்போன இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபேர்ட் அடிகளாரை அவர் எடுத்துக்காட்டினார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியில் பணியாற்றிய அந்த அமெரிக்கர், நாட்டைவிட்டுப் போக வழியிருந்தும் மக்களோடு தங்கியிருந்தது அவருடைய ஒப்புக்கொடுத்தல். அவரைக் காணாமற்போகச் செய்தது குற்றம். இரண்டையும் ஒன்றாக்கினால் குற்றம் மறைந்துபோகும் என்றார். பறிகொடுத்தவர் கடவுளிடம் வைக்கக்கூடியது முறைப்பாடுதான் என்றும், சிலுவையில் இயேசுவின் வாயில் 22ஆம் திருப்பாடலின் 'ஏன் கைவிட்டீர்' என்ற கதறலும் 31ஆம் திருப்பாடலின் 'உம் கையில் ஒப்படைக்கிறேன்' என்ற சொல்லும் இரண்டுமே இருந்தன என்றும் சொல்லி அமர்ந்தார். என்னைப் பொறுத்தவரை தியானத்தின் உச்சம் இதுவே.

அன்றிரவு நற்கருணை ஆராதனையில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் ஒப்புக்கொடுத்தல் மன்றாட்டு மெதுவாக வாசிக்கப்பட்டது. சுதந்திரம், நினைவு, அறிவு, விருப்பம் ஆகிய அனைத்தையும் ஏற்றுக்கொள்ளும்படி இறைவனை வேண்டி, பதிலுக்கு அவருடைய அன்பையும் அருளையும் மட்டும் கேட்கும் அந்த மன்றாட்டுக்குப் பிறகு, பாடலோ விளக்கமோ இல்லாத நீண்ட மௌனத்தை விட்டது ஏற்பாட்டாளர்களின் துணிவைக் காட்டுகிறது. நம் ஊர் ஆராதனைகளில் ஒலிபெருக்கி ஓய்வது அரிது.

இவ்வளவையும் ஞாயிறு காலைச் சாட்சி அமர்வு கெடுத்துவிட்டது. இருந்ததையெல்லாம் காணிக்கையாகக் கொடுத்தேன், மறுமாதமே வெளிநாட்டு விசா கிடைத்தது. வேலையை விட்டேன், அதைவிடப் பெரிய வேலையைக் கடவுள் தந்தார் என்று ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். அவர்களுடைய நன்றியுணர்வை நான் சந்தேகிக்கவில்லை. எனினும், கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியோடு கொடுப்பது கொடுக்கல் வாங்கல்தானே? மாற்கு நற்செய்தியின் ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசுகளைப் போட்டாள். மறுநாள் அவளுக்கு நான்கு காசுகள் கிடைத்ததாக நற்செய்தியாளர் எழுதவில்லை. முந்தின நாள் கேள்வி கேட்ட அந்த அம்மாவும் அதே மண்டபத்தில் அமர்ந்து இந்தச் சாட்சிகளைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை ஏற்பாட்டாளர்கள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். இந்த அமர்வை நீக்கிவிட்டு, அந்த நேரத்தை ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, அதாவது பாவ அறிக்கைக்கு, ஒதுக்கலாம். அதற்கான வரிசை சனிக்கிழமை இரவு வெகுநேரம் நீண்டு, பலர் பாதியிலேயே எழுந்துபோக நேர்ந்தது.

தவக்காலத்தில் ஒரு தியானத்துக்காவது போக எண்ணுபவர்களுக்கு இதைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். வேலை காரணமாக முழுமையாகத் தங்க முடியாதவர்கள் சனிக்கிழமை காலை வந்து ஆராதனை முடிந்ததும் வீடு திரும்பினாலும் பெரிய இழப்பில்லை. அண்மையில் துக்கத்தைச் சந்தித்தவர்களை அழைத்துச் செல்வோர் ஞாயிறு காலை அவர்களோடு கூடவே இருப்பது நல்லது. நுளம்புவலையையும் திருவிவிலியத்தையும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். இல்லத்தில் உள்ள பிரதிகள் எல்லோருக்கும் போதவில்லை.