மணல் ஈக்கு எது சரி: டிடிடியா, ஆல்ஃபாசைபர்மெத்ரினா, கொசுவலையா?

பீகாரில் காலா அசார் என்ற கருங்காய்ச்சலைப் பரப்பும் மணல் ஈ, ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ். நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். இருட்டியதும் மாட்டையும் மனிதரையும் கடிக்கும். பகலில் மண்சுவர் வெடிப்புகளில் ஒண்டிக்கொள்ளும். அதன் புழுக்கள் ஈரமும் மட்கிய சாணமும் கலந்த மண்ணில் சிதறிக் கிடப்பதால், கொசுப்புழு போலத் தேடி அழிக்க வழியில்லை. பறக்கும் ஈயைத்தான் மடக்க வேண்டும்.

பல பத்தாண்டுகளுக்குச் சுவர்களில் டிடிடி என்ற பூச்சிமருந்தைத்தான் அடித்தார்கள். 50 சதவீதத் தூள் 1 கிலோவை 10 லிட்டர் தண்ணீரில் கலந்து 500 சதுர மீட்டருக்கு அடித்தால், சதுர மீட்டருக்கு 1 கிராம் மருந்து படியும். கணக்கில் குறையில்லை. ஆனால் ஸ்டிரப் பம்பில் ஒருவர் அழுத்த, இன்னொருவர் அடிக்க வேண்டும். அழுத்துபவர் கை தளர்ந்தால் ஒரு சுவரில் மருந்து வழியும், அடுத்த சுவரில் பேருக்குத்தான் படியும். வெள்ளைக் கறைக்கும் நாற்றத்துக்கும் அஞ்சிப் பலர் சமையலறையையும் பூஜை இடத்தையும் திறந்துவிடவில்லை. இதற்கிடையே ஈயும் டிடிடிக்குப் பழகிவிட்டது.

2015-16 வாக்கில் வந்த ஆல்ஃபாசைபர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து இவற்றில் பலவற்றைச் சரிசெய்தது. 5 சதவீதத் தூள் 125 கிராம், 7.5 லிட்டர் தண்ணீர், 250 சதுர மீட்டர்: சதுர மீட்டருக்கு 25 மில்லிகிராம் போதும். கறை குறைவு. கைப்பிடி அழுத்தத் தெளிப்பானை ஒருவரே இயக்கலாம். முதலில் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாசில் (மருந்து பீய்ச்சும் முனை) அடைக்கும். இது கரையாத தூள், அடியில் தங்கும். எனவே அவ்வப்போது டேங்கைக் குலுக்க வேண்டும். நாசில் சுவரிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் 75 சென்டிமீட்டர் அகலப் பட்டை விழும். அடுத்த பட்டை முந்தைய பட்டையின் ஓரத்தை 5 சென்டிமீட்டர் மூடி விழ வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை: டிடிடியும் இதுவும் ஈயின் நரம்பில் ஒரே இடத்தையே தாக்குகின்றன. ஒன்றுக்கு எதிர்ப்பு வந்த ஊரில் மற்றதற்கும் வர வாய்ப்பு அதிகம். ஈயைப் பிடித்துச் சோதிப்பதை நிறுத்தக் கூடாது.

கொசுவலை? சாதாரண வலைக் கண்ணில் மணல் ஈ நுழைந்துவிடும், எனவே மருந்தேற்றிய வலை வேண்டும். அதையும் இந்தியாவிலும் நேபாளத்திலும் பெரிய அளவில் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள்: வீட்டுக்குள் ஈக்கள் குறைந்தன, மனிதருக்குத் தொற்று குறைந்ததாகத் தெரியவில்லை. வலைக்குள் போகும் முன்பே, முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கடி விழுவது ஒரு காரணமாக இருக்கலாம். வலை துணைக்கு நல்லது. தெளிப்புக்கு மாற்று ஆகாது.

எங்கள் தேர்வு ஆல்ஃபாசைபர்மெத்ரின்தான், மாட்டுக்கொட்டகையையும் சேர்த்து அடித்தால். கொட்டகையை விட்டுவிட்டு வீட்டுச் சுவரை மட்டும் நனைப்பது பாதி வேலை. அடித்த பிறகு சுவரை மண் பூசி மெழுகினால் மருந்து பூச்சுக்கு அடியில் போய்விடும். எந்தத் தேதியில் அடிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே வீடு வீடாகச் சொல்லி, மெழுகும் வேலையை அதற்கு முன்பே முடிக்கச் சொல்லுங்கள்.