எல்லைப்புறக் கதைகள்: ஹார்ட், லண்டன், டாரதி ஜான்சன் – யாரை வாங்குவது?

வெள்ளையர்கள் புதிதாகக் குடியேறிக்கொண்டிருந்த அமெரிக்க எல்லைப்புறத்தின் வாழ்க்கையைச் சொல்லும் பழைய சிறுகதைத் தொகுப்புகள் மறுபடியும் மறுபடியும் அச்சேறுகின்றன. பிரெட் ஹார்ட்டின் 'தி லக் ஆஃப் ரோரிங் கேம்ப்' (1870), ஜாக் லண்டனின் 'லாஸ்ட் ஃபேஸ்' (1910), டாரதி ஜான்சனின் 'இண்டியன் கன்ட்ரி' (1953) ஆகிய மூன்றில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், தயங்காமல் ஜான்சனை வாங்குங்கள். மற்ற இருவரும் மட்டம் என்பதால் அல்ல. அவர்களுடைய பேர்போன கதைகள் சாவில் முடிந்துவிடுகின்றன. சாகாமல் தப்பியவர்கள் அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டவர் ஜான்சன்.

ஹார்ட்தான் இவர்களில் மூத்தவர். கலிஃபோர்னியாவில் 1848இல் தங்கம் கிடைத்த பிறகு அங்கே குவிந்த சூதாடிகளையும் குடிகாரர்களையும் ஊர் துரத்திய பெண்களையும் கதைமாந்தர்களாக்கினார். தலைப்புக் கதை 1868இல் 'ஓவர்லாண்ட் மன்த்லி' இதழில் வந்தது. அந்த இதழின் ஆசிரியரும் அவரே. சுரங்க முகாமில் ஒரு குழந்தை பிறக்கிறது, முரடர்கள் கூடி வளர்க்கிறார்கள், வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போகிறது. நெஞ்சைத் தொடும் கதைதான். ஆனால் பிள்ளையைப் பெற்ற செரோக்கி சால் சில வரிகளிலேயே செத்துப்போகிறாள். அவளுக்காக முகாமில் யாரும் அதிகம் கலங்குவதில்லை. எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1860இல் கலிஃபோர்னியாவின் ஹம்போல்ட் வளைகுடாவில் வியோட் என்ற பூர்வகுடி மக்கள் படுகொலை செய்யப்பட்டபோது பத்திரிகையில் கண்டித்து எழுதி, அதனால் ஊரைவிட்டே போக நேர்ந்தவர் ஹார்ட். அந்தச் சீற்றத்தில் கால்பங்காவது இந்தக் கதைக்குள் வந்திருக்கலாம்.

பனியில் ஹார்ட்டும் லண்டனும் நேருக்கு நேர் மோதுகிறார்கள். ஹார்ட்டின் 'அவுட்காஸ்ட்ஸ் ஆஃப் போக்கர் ஃப்ளாட்'டில் ஊரார் விரட்டியவர்கள் மலையில் சிக்கிக்கொள்கிறார்கள். மதர் ஷிப்டன் தன் பங்கு உணவைத் தொடாமல் சேர்த்துவைத்து, ஓர் இளம்பெண்ணுக்காகப் பட்டினி கிடந்து சாகிறாள். ஹார்ட்டின் பனி மனிதர்களின் நல்ல குணத்தை வெளியே கொண்டுவருகிறது. லண்டனின் பனிக்கு அந்த அக்கறையெல்லாம் கிடையாது. 'லாஸ்ட் ஃபேஸ்' தொகுப்பிலுள்ள 'டு பில்ட் எ ஃபயர்' கதையில் கனடாவின் வடமேற்கிலுள்ள யூகோனில் பூஜ்யத்துக்குக் கீழே 75 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில் ஒருவன் தனியாக நடக்கிறான். நனைந்த காலைக் காயவைக்க மரத்தடியில் தீ மூட்டுகிறான். கிளையிலிருந்து பனி சரிந்து தீ அணைகிறது. விரல்களுக்குத் தீக்குச்சியைப் பிடிக்கக்கூட வலுவில்லை. இதே கதையை 1902இல் சிறுவர்களுக்காக எழுதியபோது லண்டன் நாயகனுக்குப் பெயர் வைத்துப் பிழைக்கவும் வைத்தார். 1908இல் பெயரையும் உயிரையும் எடுத்துவிட்டார். ஒரு தனிக்கதை என்று பார்த்தால் மூன்று புத்தகங்களிலும் இதற்கு ஈடு இல்லை. ஆனால் தொகுப்பின் மற்ற கதைகள் இந்த உயரத்துக்கு வருவதில்லை. அவருடைய வடபுலக் கதைகள் பலவற்றில் வெள்ளையரே மேலானவர் என்ற எண்ணம் வெளிப்படையாகவே இருக்கிறது.

ஜான்சன் மோன்டானாவில் வளர்ந்தவர். எல்லைப்புறக் காலத்து முதியவர்கள் பலர் உயிரோடு இருந்த வட்டாரம் அது. 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' துப்பாக்கிச் சண்டையில் தொடங்குவதில்லை, 1910இல் ஒரு சவ அடக்கத்தில் தொடங்குகிறது. ஒரு கொலையால் வந்த புகழில் ஒருவர் செனட்டராகிறார். இன்னொருவர் யாரும் கண்டுகொள்ளாமல் போய்ச்சேர்கிறார். இடையே கிடப்பது தீர்க்க முடியாத ஒரு நன்றிக்கடன். 'எ மேன் கால்டு ஹார்ஸ்' அதைவிடப் பெரிய கதை. பாஸ்டன் இளைஞன் ஒருவன் குரோ என்ற பூர்வகுடி மக்களிடம் சிறைப்பட்டு ஒரு கிழவிக்கு அடிமையாகிறான். தன்னைக் குதிரையாக எண்ணிக்கொண்டுதான் அவமானத்தைத் தாங்குகிறான். பின்னாளில் போக வழியிருந்தும், நாதியற்றுப்போன அந்தக் கிழவியைத் தாயாக ஏற்று, அவள் சாகும்வரை உடனிருக்கிறான். 1970இல் வந்த திரைப்படம் அவனை ஆங்கிலப் பிரபுவாக்கியது, குரோ மக்களை 'சூ' என்ற வேறொரு பூர்வகுடியாக்கியது, கடைசியில் அவனுக்குத் தலைமையும் கொடுத்தது. கதையின் உயிரே அவன் யாருக்கும் தலைவனாகவில்லை என்பதில்தான் இருக்கிறது. கௌபாய் காமிக்ஸில் எல்லைப்புறத்தைக் கண்டு வளர்ந்த நம் வாசகர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. ஜான்சனும் வெளியிலிருந்து பார்த்து எழுதியவர்தான். குரோ வழக்கங்களை விளக்கும் இடங்களில் கதை கொஞ்சம் பாடமாகிவிடுகிறது. ஆனால் கூடாரத்துக்குள் இருப்பவர்களுக்கும் துக்கமும் மானமும் உண்டு என்பதை அவர் ஒரு பக்கத்திலும் மறக்கவில்லை.

ஹார்ட் 1902இலும் லண்டன் 1916இலும் மறைந்தவர்கள். காப்புரிமை முடிந்துவிட்டதால் இருவரையும் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அவசரத்தில் அச்சடித்த மலிவுப் பதிப்புகளுக்குப் பணம் தராதீர்கள். ஜான்சனை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 'இண்டியன் கன்ட்ரி'யே 'எ மேன் கால்டு ஹார்ஸ்' என்ற தலைப்பிலும் வந்திருக்கிறது. பொருளடக்கத்தைப் பார்க்காமல் இரண்டையும் வாங்கிவிட வேண்டாம். இன்னொன்றும் வாங்கக் கையில் பணம் இருந்தால் அவருடைய 'தி ஹேங்கிங் ட்ரீ' (1957) தொகுப்பை எடுத்து, 'லாஸ்ட் சிஸ்டர்' கதையை முதலில் படியுங்கள்.