வெஸ்டர்ன் அவென்யூவும் மூன்று நொடி மஞ்சளும்: சிகாகோ சிக்னல் கேமராவோடு 15 வருடம்

சிகாகோவுக்கு நான் வந்தது 2009ல். டெவான் பக்கம் வீடு, தெற்கே 60வது தெருவுக்குக் கிட்ட வேலை. போக 15 மைல், வர 15 மைல், முழுக்க வெஸ்டர்ன் அவென்யூதான். நகருக்குள்ளேயே நீளமான தெரு இது. சிவப்பில் தாண்டும் வண்டியைப் படம் பிடிக்கும் சிக்னல் கேமராவை 2003ல் நகராட்சி முதன்முதலாக வைத்த இரண்டு சந்திப்புகளும் இதே தெருவில்தான் இருக்கின்றன: வடக்கே பீட்டர்சன், தெற்கே 55வது தெரு. இரண்டையும் தினம் இருமுறை கடந்திருக்கிறேன். அதனால் இந்தக் கேமராக்களைப் பற்றியும், நடுவில் அவற்றை நடத்தும் கம்பெனியை மாற்றியபோது என்ன நடந்தது என்பதைப் பற்றியும், வண்டி ஓட்டுகிறவன் பக்கத்திலிருந்து எழுதலாம் என்று தோன்றியது.

எனக்கு இதுவரை மூன்று டிக்கெட், அதாவது அபராத நோட்டீஸ், வந்திருக்கிறது. மூன்றும் என் தப்புதான்.

முதல் டிக்கெட் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தபாலில் ஒரு உறை, உள்ளே மூன்று படம். முதலாவதில் வண்டி ஸ்டாப் லைனுக்குப் பின்னால் இருக்க, எதிரே சிவப்பு விளக்கு. இரண்டாவதில் வண்டி சந்திப்புக்குள் இருக்கிறது. மூன்றாவது நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கியது. படத்தோடு சின்ன எழுத்தில் தேதி, மணி, அப்புறம் மஞ்சள் விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தது என்கிற கணக்கு. நோட்டீஸில் இருக்கும் எண்ணைப் போட்டால் இணையத்தில் வீடியோவும் பார்க்கலாம். சிவப்பில் வலது பக்கம் திரும்பியதற்கு வந்த டிக்கெட் அது. இங்கே சிவப்பிலும் வலப்பக்கம் திரும்பலாம், ஆனால் முழுசாக நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டும். நான் நிறுத்தினேன் என்றுதான் வீட்டில் சத்தியம் செய்துகொண்டிருந்தேன். வீடியோவைப் போட்டுப் பார்த்தால், பிரேக் விளக்கு கடைசிவரை எரிகிறது, ஆனால் சக்கரம் ஒரு கணம்கூட நிற்கவில்லை. நடைபாதை ஓரத்தில் ஒரு அம்மா குடையோடு, ஒரு காலை ரோட்டில் வைத்து, நான் கடக்கட்டும் என்று காத்திருக்கிறார். அந்த அம்மாவை நான் அன்றைக்குப் பார்க்கவே இல்லை. 100 டாலரை அன்றிரவே கட்டினேன். அன்றிலிருந்து வலது திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.

கேமரா வேண்டும் என்கிற கட்சிதான் நான் என்பதற்காக இதைச் சொல்கிறேன். இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் வந்த காலத்தில் கேமராக்களை நடத்தியது ரெட்ஃபிளெக்ஸ். ஆஸ்திரேலியத் தாய்க் கம்பெனியின் அமெரிக்கக் கிளை, அலுவலகம் அரிசோனாவின் ஃபீனிக்ஸில். திட்டம் உச்சத்தில் இருந்தபோது 190 சந்திப்புகளில் 384 கேமரா, நாட்டிலேயே பெரிய திட்டம். 2012 அக்டோபரில் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை ஒரு செய்தி போட்டது: திட்டத்தை மேற்பார்த்த நகரப் போக்குவரத்துத் துறை அதிகாரி ஜான் பில்ஸின் ஆடம்பர ஹோட்டல் செலவை ரெட்ஃபிளெக்ஸ் ஏற்றிருக்கிறது என்று. ஒரு ஹோட்டல் பில்லில் ஆரம்பித்தது, நூல் பிடித்துக்கொண்டே போனது. ரொக்கம், கோல்ஃப் பயணங்கள், அரிசோனாவில் ஒரு அபார்ட்மெண்ட் எல்லாம் சேர்த்துச் சுமார் 20 லட்சம் டாலர் லஞ்சம் என்று அரசுத் தரப்பு வாதாடியது. 2016 ஜனவரியில் பில்ஸ் எல்லாக் குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பானது, ஆகஸ்டில் 10 வருடச் சிறை. ரெட்ஃபிளெக்ஸின் முன்னாள் தலைவர் கேரன் ஃபின்லிக்கு 30 மாதம். நகராட்சி போட்ட வழக்கை 2017ல் 2 கோடி டாலர் கொடுத்து ரெட்ஃபிளெக்ஸ் முடித்துக்கொண்டது.

எத்தனை சந்திப்பில் கேமரா வைப்பது, எந்த இடத்தில் வைப்பது என்று பேசும் நாற்காலியில் இருந்தவருக்கு, கேமரா கூடக் கூடக் காசு போயிருக்கிறது. எனக்கு வந்த டிக்கெட் நியாயமானது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் செய்திகளைப் படித்த காலத்தில், பீட்டர்சனில் ஃபிளாஷ் அடிக்கும்போதெல்லாம், இந்தக் கம்பம் இங்கே நிற்பது விபத்துக்காகவா வேறு எதற்காகவா என்ற கேள்வி வந்துகொண்டே இருந்தது. குடையோடு நின்ற அந்த அம்மாவுக்காக என்று நான் நம்பிய ஒன்றின் மேல் இப்படி அழுக்குப் படிந்ததில் எனக்கு நிஜமாகவே வருத்தம்.

சரி, கம்பெனியை மாற்றினார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று மேயர் ராம் இமானுவேல் 2013ன் தொடக்கத்தில் அறிவித்தார். டெண்டர் விட்டு, ஜெராக்ஸின் அரசு சேவைப் பிரிவுக்கு வேலையைக் கொடுத்தார்கள். 2014ன் தொடக்கத்தில் புதிய கம்பெனி வேலையை எடுத்துக்கொண்டது. எங்களைப் போன்றவர்களுக்கு வெளியே பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கம்பம் அதேதான், அபராதம் அதே 100 டாலர்தான்.

மாறியது ஒரு எண். அதுவும் பத்தில் ஒரு நொடி.

இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். அமெரிக்காவின் தேசிய சாலைக் குறியீட்டுக் கையேடு, மஞ்சள் விளக்கு ஏறத்தாழ 3 நொடியிலிருந்து 6 நொடிவரை இருக்கவேண்டும் என்கிறது. சிகாகோவில் 30 மைல் வேக எல்லை உள்ள தெருக்களில் 3 நொடி வைத்திருக்கிறார்கள். அதாவது இருப்பதிலேயே குறைந்தபட்சம். பொறியாளர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு ஒன்று உண்டு: விளக்கைப் பார்த்துச் சுதாரிக்க 1 நொடி, அப்புறம் பதறாமல் பிரேக் பிடித்து நிற்க ஆகும் நேரம். சமதள ரோட்டில் 30 மைல் வேகத்துக்கு அந்தக் கணக்கு 3.2 நொடி காட்டும். ஆக 3 நொடியே கையைக் கடிக்கிற அளவுதான்.

ஒவ்வொரு விளக்கும் கச்சிதமாக 3.00 நொடி எரிவதில்லை, மின்சார ஏற்ற இறக்கத்தால் ஒரு நூல் கூடும், குறையும் என்று நகராட்சி சொன்னது. பழைய கம்பெனி இருந்தபோது மஞ்சள் 3 நொடிக்குக் கீழே பதிவானால் அந்தப் படம் டிக்கெட்டாகாமல் கழிந்துவிடும். கம்பெனி மாறியபோது, 2.9 இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று புதியவர்களிடம் சொல்லப்பட்டது. பொதுமக்களுக்கு எந்த அறிவிப்பும் இல்லை. முறையீடு செய்த ஓட்டுநர்களின் நோட்டீஸில் 2.9 என்று அச்சடித்திருப்பதைக் கண்டு விசாரணை அதிகாரிகள் டிக்கெட்டுகளை ரத்து செய்யத் தொடங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 2014 அக்டோபரில் நகரத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் ஜோசஃப் ஃபெர்குசன் அறிக்கை கொடுத்தார். அந்தப் பத்தில் ஒரு நொடியால் விழுந்த டிக்கெட் சுமார் 77,000. பணமாகச் சொன்னால் 77 லட்சம் டாலர். அளவை மறுபடி 3 நொடிக்குக் கொண்டுவந்தார்கள். வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவில்லை.

30 மைல் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு 44 அடி போகும். பத்தில் ஒரு நொடி என்றால் நாலரை அடிகூட இல்லை. என் காரின் பானெட் நீளம்தான் இருக்கும். அந்த நாலரை அடிக்குள் 77,000 பேர் மாட்டியிருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் நோட்டீஸில் இருந்த அந்த எண்ணைப் பார்த்திருப்பார்கள்? நான் என் முதல் நோட்டீஸில் பார்க்கவே இல்லை, படத்தைத்தான் பார்த்தேன்.

கம்பெனியை மாற்றுகிற எந்த ஊருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான்: எவ்வளவு மஞ்சள், சிவப்பு விழுந்த பிறகு எத்தனை நொடி சலுகை, எந்தப் படம் கழியும் என்கிற விதியெல்லாம் ஊரின் கையில் எழுத்தில் இருக்கவேண்டும், எல்லோரும் படிக்கிற இடத்தில் இருக்கவேண்டும். சிகாகோவில் அது ஒரு கம்பெனியின் பழக்கமாக இருந்தது. அந்தக் கம்பெனி மூட்டையைக் கட்டியபோது பழக்கமும் கூடவே போய்விட்டது. லஞ்சம் வாங்கியவரைச் சிறைக்கு அனுப்பியதால் இந்த ஓட்டை அடைபடவில்லை. திருடனாகப் பிடிபட்ட கம்பெனியின் காலத்தில் 3 நொடி காக்கப்பட்டு, சுத்தம் செய்ய வந்த காலத்தில் அது நழுவியது என்பதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அப்புறம் நடந்தவற்றில் நல்லதும் உண்டு. 2015ல் 25 சந்திப்புகளிலிருந்து 50 கேமராக்களை எடுப்பதாக அறிவித்தார்கள். கேமரா உள்ள சந்திப்புகளில் நடப்பவர்களுக்கான நொடி எண்ணும் விளக்கு வந்தது. ஓட்டுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று தினம் ஓட்டினால்தான் தெரியும். தூரத்திலேயே 5, 4, 3 என்று இறங்குவது தெரிந்தால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தானாகவே எடுத்துவிடுவேன். அது வருவதற்கு முன்பு ஒருநாள் மழையில் மஞ்சளைப் பார்த்துத் திடீரென்று பிரேக் அடித்தேன். பின்னால் வந்த லாரி கிறீச்சென்று நின்றது, கண்ணாடி முழுக்க அதன் முகப்பு விளக்குதான். கேமராவுக்குப் பயந்து அடித்த பிரேக் அது. நான் மட்டும் இப்படி இல்லை. ட்ரிப்யூன் கேட்டு டெக்சாஸ் ஏ&எம் போக்குவரத்து ஆய்வு மையம் செய்த ஆய்வு 2014 டிசம்பரில் வந்தது. காயம் ஏற்படுத்தும் பக்கவாட்டு மோதல்கள் 15 சதவீதம் குறைந்திருந்தன, பின்னால் வந்து இடிப்பவை 22 சதவீதம் கூடியிருந்தன. பக்கவாட்டு மோதல்தான் ஆளைக் கொல்லும், அதனால் என் கணக்கில் கேமரா இன்னும் லாபம்தான். ஆனால் பின்னால் வாங்குகிற இடியும் யாரோ ஒருவருடைய கழுத்துதானே.

2017ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வும் கேமராவால் பாதுகாப்பு கூடுகிறது என்றே சொன்னது. கூடவே, சிவப்பு விழுந்த பிறகான சலுகை நேரத்தை 0.1 நொடியிலிருந்து 0.3 நொடியாக்கலாம் என்றது. அதை நகராட்சி ஏற்றது. எனக்குத் தெரிந்து இந்தத் திட்டத்தில் நடந்த சிறந்த மாற்றம் இதுதான். விளிம்பில் மாட்டுகிறவன் தப்பிப்பான், சிவப்பில் பாய்கிறவன் எப்படியும் மாட்டுவான். முக்கியமாக, இந்த முறை எண் மாறப்போகிறது என்று எல்லோருக்கும் முன்கூட்டியே சொன்னார்கள்.

கம்பெனிகளின் கதை வேறு மாதிரிப் போனது. 2017 தொடக்கத்தில் ஜெராக்ஸிலிருந்து அந்தப் பிரிவு கான்டூயன்ட் என்று தனியாகப் பிரிந்தது. வேகக் கேமராக்களை நடத்த வந்த அமெரிக்கன் டிராஃபிக் சொல்யூஷன்ஸ், வெர்ரா மொபிலிட்டி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்த வெர்ரா 2021ல் ரெட்ஃபிளெக்ஸையே வாங்கிவிட்டது. நாம் வெளியே அனுப்பியதாக நினைத்த கம்பெனி, நமக்கு வேலை செய்கிற இன்னொரு கம்பெனியின் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. பெயர்ப் பலகையைப் பார்த்து நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை என்று நான் முடிவுக்கு வந்தது அன்றைக்குத்தான்.

பணம் கட்ட முடியாதவர்களின் நிலைமையையும் சொல்ல வேண்டும். நேரத்துக்குக் கட்டாவிட்டால் 100 டாலர் இருமடங்காகிவிடும், வசூல் கட்டணமும் சேர்ந்தால் 244. 2021 மார்ச்சிலிருந்து வேகக் கேமராவில் வேக எல்லையை மணிக்கு 6 மைல் தாண்டினாலே 35 டாலர். மாதச் சம்பளக்காரனுக்கு இது ஒரு வாரக் காய்கறி. இரண்டு வேலை பார்த்து வாடகை கொடுப்பவருக்கு அப்படியில்லை. 2022ல் சிகாகோ இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேகக் கேமராக்களைப் பற்றிச் சொன்னதும் இதைத்தான்: விபத்து குறைகிறது, ஆனால் அபராதமும் தாமதக் கட்டணமும் கறுப்பின, லத்தீன் மக்கள் வாழும் பகுதிகளைத்தான் அதிகம் அழுத்துகின்றன. டிக்கெட் பாக்கிக்காக லைசென்ஸை நிறுத்திவைப்பதை மாநிலம் 2021ல் கைவிட்டது பெரிய ஆறுதல். வேலைக்குப் போக வண்டி வேண்டும், வண்டி இருந்தால்தான் பாக்கியைக் கட்டவே முடியும்.

இப்போது நகரத்தில் பேருந்துத் தடத்தை மறிக்கும் வண்டிகளுக்கும் கேமரா டிக்கெட் வர ஆரம்பித்திருக்கிறது. நல்லதுதான். டவுன்டவுனில் பேருந்துக்குப் பின்னால் 20 நிமிடம் நின்ற யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். எத்தனை நொடி நின்றால் டிக்கெட், அந்த அளவை மாற்ற யாருக்கு அதிகாரம், மாற்றினால் எங்களுக்கு எப்படித் தெரியும் என்பதை மட்டும் முதல் நாளிலிருந்தே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த தம்பி ஒருவன் நோட்டீஸோடு வீட்டுக்கு வந்தான். முகமெல்லாம் வாடியிருந்தது.

"அண்ணா, இதைக் கட்டிடலாமா? விசாவுக்கு ஏதாவது பிரச்சினை வருமா?"

"விசாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைப்பா. இது வண்டி பேர்ல வர்ற அபராதம். உட்காரு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் மஞ்சள் நேரத்தைப் பார்த்தேன். 3.0. அப்புறம் வீடியோவை ஓடவிட்டோம். சிவப்பு விழுந்து முழுசாக ஒரு நொடி கழித்து வண்டி கோட்டைத் தாண்டுகிறது. அவனே இரண்டாவது தடவை போட்டுப் பார்த்தான், மூன்றாவது தடவை வேண்டாம் என்றான். அட்டையை எடுத்து அங்கேயே பணத்தைக் கட்டினான். அந்தச் சந்திப்பில் நொடி எண்ணும் விளக்கு எந்தப் பக்கம் இருக்கும் என்று காகிதத்தில் வரைந்து காட்டி அனுப்பினேன்.