காற்றடைத்த கயாக்கும் காவிரித் திட்டுகளும்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

மேட்டூர் அணைக்குக் கீழே மின்சாரத்துக்காக வரிசையாகக் கதவணை கட்டியிருப்பதால், ஈரோட்டுப் பக்கம் காவிரி பல இடங்களில் ஏரி மாதிரி தேங்கிக் கிடக்கிறது. நெரிஞ்சிப்பேட்டைக்கும் எதிர்க்கரைப் பூலாம்பட்டிக்கும் நடுவே உள்ள தண்ணீர் துடுப்புப் பழகத் தோதானது. இதை விட்டுவிட்டு நம்மாட்கள் ஆலப்புழைக்கு டிக்கெட் போடுகிறார்கள்.

என்னிடம் இருப்பது காற்றடைக்கிற இரண்டு பேர் கயாக், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டுகிற ஒடுங்கிய சின்னப் படகு. பைபர் என்றால் கார் கூரையில் கட்ட வேண்டும். இதைச் சுருட்டி டிக்கியில் போட்டுவிடலாம். முதலில் பார்த்த பரிசல்காரப் பெரியவர், "ஏனுங் தம்பி, காத்து எறங்கிப்போச்சுன்னா என்னங் பண்ணுவீங்க?" என்றார். நியாயமான கேள்விதான். இரு பக்கமும் அடியுமாக மூன்று தனித்தனி அறைகள். ஒன்று போனாலும் மற்ற இரண்டு கரை சேர்க்கும். ஆனாலும் லைப் ஜாக்கெட் போடாமல் இறங்குவதில்லை.

துணி இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. முதலில் போனது அடியில் மாட்டுகிற ஃபின். நேராகப் போவதற்கு இந்தப் பிளாஸ்டிக் தகடு அவசியம், ஆனால் திட்டுகளை ஒட்டி ஆழம் குறைந்தால் பாறையில் இடித்து உடைகிறது. உபரியாக ஒன்று வாங்கி வையுங்கள். பொத்தல் விழுந்தால் பஞ்சர் கடை சொல்யூஷன் பிவிசியில் பிடிக்காது. அதற்கென்று விற்கிற பசைதான் வேண்டும். உச்சி வெயிலில் கரையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். உள்ளே காற்று விரிந்து தையல் புடைக்கும், கொஞ்சம் இறக்கிவிட்டுப் போங்கள். திரும்பியதும் மடிப்புகளில் நிற்கிற தண்ணீரைத் துடைக்காமல் சுருட்டினால் அடுத்த வாரம் பூசண நாற்றம்தான்.

பெரிய குறை காற்றில். கயாக் எடை இல்லாதது, தண்ணீருக்கு மேலே உப்பி நிற்பது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடித்தால், நாம் நெரிஞ்சிப்பேட்டையில் இறங்கினாலும் அது பூலாம்பட்டிக்குத்தான் கொண்டுபோகும். திரும்பி வருவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். டெல்டாவுக்கு ஜூன் 12இல் அணை திறப்பது வழக்கம். தண்ணீர் வருகிற அதே பருவத்தில்தான் காற்றும் வருகிறது. எனக்குப் பிடித்தது தை, மாசிக் காலை, அதுவும் எட்டு மணிக்குள். அணை 120 அடி நிரம்பி உபரி நீர் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தால் கயாக் வீட்டிலேயே இருக்கும். கதவணை ஷட்டர் பக்கம் எந்த மாதத்திலும் போவதில்லை.

காங்கயம்பாளையத்தில் ஆற்று நடுவே நட்டாற்றீஸ்வரர் கோயில் இருக்கிற திட்டைத் தண்ணீர் மட்டத்திலிருந்து பார்ப்பது தனி அழகு. ஆனால் அங்கே பாறை அதிகம், கோடையில் ஃபின்னைக் கழற்றிவிட்டுத்தான் துடுப்புப் போட வேண்டும். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் சாயத் தண்ணீர் வாடை அடிக்கிற நாட்களில் இறங்க மனசு வராது. ஆகாயத்தாமரை அடைத்த இடத்தில் புகுந்தால் துடுப்பு சிக்கும். அதற்கு அடியில் மீன் வலையும் கிடக்கலாம். எங்கே வலை கட்டியிருக்கிறார்கள் என்று கரையில் பரிசல்காரரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

தனியாகப் போகிறவர்களும் இரண்டு பேர் மாடலையே வாங்கலாம். முன்சீட்டைக் கழற்றிவிட்டு, பின்சீட்டைக் கொஞ்சம் நடுவுக்கு இழுத்துக் கட்டினால் மூக்குத் தூக்காது.